வேடிக்கை பார்ப்போன் பங்கு

ஒருவன் ஒரு காரியத்தைச் செய்கிறான். பதினாயிரம் பேர் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். காரியம் நல்லதாயின் புகழ் செய்தவனுக்கு. தீயதாயின் பழியும் செய்தவனுக்கே. பார்த்தவனோ மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். உலக வழக்கு இவ்வாறே இருந்து வருகிறது. இவ்வழக்கு நியாயமானதுதானா என்னும் கேள்வி, 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நம் நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஒரு பந்தய மைதானத்தின் ஆசனத்தில் வெயிலைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு எழுந்தது. அதை எழுப்பியவன் தத்துவஞானியல்லன். ஒன்பது வயதுச் சிறுவன். விடை சொல்ல முடியாமற் போனவன் நான். ஆகவே இக்கட்டுரை, வாசகர்களுக்குப் புத்தி சொல்ல எழுதப்படுவதன்று. அச்சிறுவனுக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையைத் தேடி எழுதப்படுவதாகும்.

என் பெரியப்பா மகன் கனடா தேசத்தில் வான்கூவர் நகரில் குடும்பத்தோடு வாழ்கிறார். நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தவர், அவ்வாண்டு டிக்கெட்டையே எடுத்தனுப்பிவிட்டார். அண்ணன், அண்ணியார், அவர்கள் மகன், நான் ஆகிய நால்வரும் ஒரு மோட்டார் வண்டியில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். வான்கூவரிலிருந்து கால்கரி நகரம் ஏறத்தாழ 600 மைல். கம்லூப்ஸ் என்னும் ஊரைச் சுற்றியுள்ள வறண்ட குன்றுகள், அவற்றுக்கப்பால் ரெவல்ஸ்டோக், பிறகு 1962-ஆம் ஆண்டிலேதான் மோட்டார் சாலை திறக்கப்பட்ட ரோஜர்ஸ் கணவாய், அதையும் தாண்டினால் பனி மூடிய சிகரங்களின் நடுவே பான்ஃப். அம்மலைகளைப் பற்றி எழுதப் புகுந்தால் வேறொரு கட்டுரையாகிவிடும். நான் சொல்ல வந்தது மலைகள் முடிந்த பிறகு நேர்ந்தது. மலை முடிந்ததும் பூமி திடீரென்று பாய் விரித்தாற்போல் சமமாகிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் புல், புல்லின்மேல் கறுப்புக் கறுப்பாய் மாடுகள். அந்தச் சமவெளியின் விளிம்பில், போ நதியும் எல்போ நதியும் கூடுமிடத்தில் கால்கரி நகரம் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த வாரம், அந்நகரத்தின் ஆண்டு விழா வாரம். நாங்கள் அதற்காகப் போகவில்லை. ஆனால் விடுதி வாடகையைக் கேட்டவுடனே, விழாவுக்காக வந்தவர்கள் என்ன கொடுக்கிறார்களோ அதையே நாங்களும் கொடுத்தாக வேண்டும் என்று தெரிந்துகொண்டோம்.

‘ஸ்டாம்பீட்’ என்பது விழாவின் பெயர். மாட்டு மந்தை மிரண்டு ஓடுவதற்குத்தான் ஆங்கிலத்தில் அச்சொல்லை வழங்குவார்கள். பத்து நாள் நடக்கும் விழா. அந்தப் பத்து நாளும் நகரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது என்று சொன்னால் அந்நகரத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். பாங்கியில் கணக்கெழுதுகிறவரும் வழக்கறிஞரும் பல் வைத்தியரும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் உயர்ந்த குதிகாலுள்ள தோல் ஜோடும் அணிந்துகொண்டு அலுவலகம் போகிறார்கள். தெரு முனைகளிலே பெரிய இரும்புத் தட்டுகளில் மாவு தோசை போன்ற பலகாரம் சுட்டு, வருவோர் போவோர்க்கெல்லாம் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். நாங்களும் வரிசையில் நின்று வாங்கித் தின்றோம். சாதி, நிறம், சம்பளம் கேட்காமல் போடப்படும் அந்தச் சோறு எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் குறை சொல்லப் போவதால், உண்ட வீட்டுக்கு உரியதை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். நகரத்தின் ஜனத்தொகை 2021-ஆம் வருஷத்துக் கணக்குப்படி 13 இலட்சம். 2024-இல் பத்து நாளில் விழாவுக்கு வந்தவர் தொகையோ 14 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல்.

இவ்விழாவின் பிறப்பு கவனிக்கத்தக்கது. கயிறு வீசும் வித்தையில் தேர்ந்தவரும் நாடக மேடைகளில் அதைக் காட்டிப் பிழைத்தவருமான கை வீடிக் என்னும் அமெரிக்கர், அவ்வூர் மாட்டுச் செல்வர்களையும் வணிகர்களையும் கண்டு பேசி, நால்வரிடம் ஒரு இலட்சம் வெள்ளிக்கு உத்தரவாதம் பெற்று, 1912-ஆம் ஆண்டில் முதல் விழாவை நடத்தினார். 1919-இல் மறுமுறை நடந்தது. 1923 முதல் நகரத்துப் பொருட்காட்சியோடு சேர்ந்து ஆண்டுதோறும் நடந்து வருகிறது. 2020-இல் மட்டும் கொள்ளைநோய் காரணமாக நின்றது. இதில் ஒரு விந்தை யாதெனில், விழா தோன்றிய 1912-இல் அது கொண்டாடிய வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. வேலியற்ற புல்வெளியில் பல்லாயிரம் மாடுகளைத் திரியவிட்டு மேய்க்கும் முறையை 1906, 1907-ஆம் வருஷங்களின் கொடும்பனிக்காலம் அடியோடு முறித்துவிட்டது. மாடுகள் மந்தை மந்தையாய்ச் செத்தன. அதன்பின் வேலிகளும் கோதுமை வயல்களும் வந்தன. ஆக, இவ்விழா ஒரு தொழிலின் திருமணமன்று; கருமாதி. இறந்தவனைப் பற்றிப் பேசும்போது அவன் குறைகளை யாரும் எடுத்துச் சொல்வதில்லையல்லவா? தொழிலையும் அப்படித்தான் வைத்துப் பேசுகிறார்கள்.

மைதானத்தின் ஓரத்திலே, எல்போ நதிக்கரையில், அந்நிலத்துப் பழங்குடியினரின் கூம்புக் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. 1877-இல் பிரிட்டிஷ் முடியோடு ஏழாம் உடன்படிக்கை செய்துகொண்ட சிக்சிகா, கைனாய், பிக்கானி, சூடினா, ஸ்டோனி நகோடா ஆகிய மக்கள் 1912 முதல் இவ்விழாவுக்கு வருகிறார்கள். அக்கூடாரங்களுக்கு ‘இந்தியர் கிராமம்’ என்றிருந்த பெயர் 2018-இல் ‘எல்போ நதி முகாம்’ என்று மாற்றப்பட்டது. மனிதர்களைக் கூடாரத்தோடு கொண்டுவந்து வைத்து வேடிக்கை பார்ப்பதா என்று எனக்கு முதலில் முகம் சுளித்தது. ஆனால் சங்கதி அவ்வளவு எளிதன்று. அக்காலத்துக் கனடா சர்க்கார் அம்மக்களின் சடங்குகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. 1914-இல் சட்டத்தை இன்னும் இறுக்கி, மேற்கு மாகாணங்களில் அவர்கள் தங்கள் உடையணிந்து எந்தக் கண்காட்சியிலும், பெயர் குறித்தே ‘ஸ்டாம்பீடு’களிலும், அதிகாரியின் அனுமதியின்றிக் கலந்துகொள்ளக் கூடாதென்றது. சடங்குத் தடை நீங்கியது 1951-இல். ஆகவே பல ஆண்டுகள், சொந்த ஊரில் ஆடினால் சிறை, இங்கே வந்து ஆடினால் கைதட்டல் என்ற நிலை. வேடிக்கை காட்டும் இடமே அவர்களுக்கு உடையையும் பாட்டையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்லும் இடமுமாயிற்று. 1912-இல் ‘சைக்ளோன்’ என்ற அடங்காக் குதிரையின்மேல் நிலைத்திருந்து வெற்றி மாலை பெற்றவரும் கைனாய் குலத்து டாம் த்ரீ பெர்சன்ஸ் என்பவரே. பார்வையாளன் கண் எப்போதுமே தீங்கு செய்யும் என்று சூத்திரம் எழுத வந்தவனை அக்கூடாரங்கள் தடுத்து நிறுத்தின.

இனி மைதானத்துக்குள் போவோம்.

‘ரோடியோ’ என்பது ஸ்பானியச் சொல். மாடுகளைச் சுற்றி வளைத்து ஒன்றுசேர்த்தல் என்பது அதன் பொருள். மெக்ஸிகோ நாட்டு மாட்டுக்காரர்களிடமிருந்து தொழிலும் கருவியும் சொல்லும் வடக்கே பரவின. பகல் ஒன்றரை மணிக்குப் பந்தயம் தொடங்கியது. முதலில் அடங்காக் குதிரை ஏறுதல். ஒரு கையால் மட்டுமே பிடித்துக்கொண்டு, மற்றக் கை குதிரையின்மேல் படாமல், எட்டு விநாடி இருக்க வேண்டும். குதிரையின் அடிவயிற்றோரம் ஒரு வார் கட்டியிருக்கிறார்கள். அதை உதறித் தள்ளவே அது பின்னங்கால்களை உயர வீசுகிறது. நூறு மதிப்பெண்ணில் பாதி ஏறியவனுக்கு, பாதி குதிரைக்கு. எந்தக் குதிரை யாருக்கு என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். சாதுவான குதிரை வாய்த்தவன் துரதிர்ஷ்டசாலி! இவ்வாறு துள்ளுவதற்கென்றே குதிரைகளை வளர்க்கும் பண்ணையொன்றை இவ்விழாவினர் 1961 முதல் ஹன்னா என்ற ஊருக்கருகில் நடத்தி வருகிறார்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்லுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. கண்டிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உள்ளே போனவன், மூன்றாவது குதிரையின்போது எழுந்து நின்று கத்தினேன். ஏறியவனை மண்ணில் தள்ளிவிட்டு, வார் அவிழ்க்கப்பட்டதும், அந்தக் குதிரை தலையை நிமிர்த்திக்கொண்டு தன் வாயிலை நோக்கித் தானே நடந்து போயிற்று. தோற்றது மனிதன், அடிபட்டதும் மனிதன். அதிலே எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அதன்பிறகு கன்று கட்டும் போட்டி வந்தது.

கன்றை ஒரு குறுகிய அடைப்பில் நிறுத்திக் கதவைத் திறக்கிறார்கள். அது தலைதெறிக்க ஓடுகிறது. கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே குதிரை பாய்கிறது. ஏறியிருப்பவன் சுருக்குக் கயிற்றைத் தலைக்குமேல் சுழற்றி வீசுகிறான். சுருக்கு கன்றின் கழுத்தில் விழுகிறது. குதிரை அந்த நொடியே நின்றுவிடப் பழக்கப்பட்டது. ஓடுகிற கன்றின் கழுத்தில், நிற்கிற குதிரையின் பாரம் முழுவதும் இறங்குகிறது. அவன் குதித்தோடிப் போய்க் கன்றைத் தூக்கித் தரையில் போட்டு, பல்லில் கவ்வியிருந்த சிறு கயிற்றால் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு, இரண்டு கைகளையும் உயரத் தூக்குகிறான். கடிகாரம் நிற்கிறது. கெட்டிக்காரர்களுக்கு இவ்வளவும் எட்டு விநாடிக்குள் முடிந்துவிடும். பிறகு கயிற்றைத் தளர்த்தி ஆறு விநாடி காத்திருக்கிறார்கள். அந்த ஆறு விநாடியில் கன்று உதறிக்கொண்டு எழுந்துவிட்டால் கட்டியது செல்லாது. ஆறு விநாடியும் அது கிடந்த கிடைதான் எனக்கு மறக்கவில்லை. அதன் விலா ஏறி இறங்கியது. நாக்கு ஒரு பக்கம் வந்திருந்தது. சுற்றிலும் மனிதச் சத்தம்.

அண்ணன் மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “சித்தப்பா, இது கேம் என்று அந்தக் கன்றுக்குத் தெரியுமா?”

“தெரியாதப்பா,” என்றேன்.

“அப்போது அது என்ன நினைக்கும்?”

நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அண்ணியார் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பேச்சை மாற்றினார். எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒரு முதியவர் இருந்தார். தெற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் ஐம்பது வருஷம் வேலை செய்தவராம். தமிழ் தெரியாவிட்டாலும் பையனின் முகம் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன்: “நாங்கள் பண்ணையில் கன்றைப் பிடிப்பது, சூடு போடவோ மருந்து கொடுக்கவோ. பின்னங்காலில் கயிற்றைப் போட்டு மெதுவாக இழுத்து வருவோம். ஓட்டினால் கன்று இளைக்கும். இளைத்தால் எனக்கு நஷ்டம். என் முதலாளி என்னை அவசரப்பட்டதற்காகத்தான் திட்டியிருக்கிறாரே தவிர, தாமதித்ததற்காகத் திட்டியதில்லை.” இவ்வளவும் சொல்லிவிட்டு, அடுத்த கன்று வந்ததும் அவரும் கைதட்டினார். மனிதன் விசித்திரமானவன், அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை.

அந்த முதியவர் பேச்சிலே எனக்கு வேண்டியது இருந்தது. கயிறு ஒன்றே; குதிரை ஒன்றே; கன்றும் அதே கன்றுதான். பண்ணையில் அக்கயிறு கன்றுக்காக வீசப்படுகிறது என்று கூடச் சொல்ல வேண்டாம். மாட்டுச் சொந்தக்காரனின் லாபத்துக்காகத்தான் வீசப்படுகிறது. ஆனால் அந்த லாபமே ஒரு கட்டுப்பாடாக நிற்கிறது: தேவைக்கு மேல் வலிக்கவிட்டால் நஷ்டம். மைதானத்திலோ கயிற்றின் எஜமான் கடிகாரம். கடிகாரத்துக்குக் கன்று இளைத்தாலும் நஷ்டமில்லை, கழுத்து ஒடிந்தாலும் நஷ்டமில்லை. ஒரு விநாடி குறைந்தால் லாபம். தேவையினால் செய்யும் வன்மைக்கு ஓர் எல்லையுண்டு. தேவை தீர்ந்ததும் அது நின்றுவிடும். போட்டிக்காகச் செய்யும் வன்மைக்கு எங்கே எல்லை? நேற்று ஒருவன் எட்டு விநாடியில் செய்ததை இன்று ஒருவன் ஏழில் செய்தாக வேண்டும். அவன் கொடியவன் என்பதனால் அல்ல. கட்டியவனுடைய முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன், நல்ல பிள்ளை, கட்டை அவிழ்த்தவுடன் கன்றின் முதுகைத் தட்டிக்கூடக் கொடுத்தான். கொடுமை அவன் மனத்தில் இல்லை. அது கடிகாரத்தில் இருந்தது. கடிகாரத்தை அங்கே வைத்தது யார்? டிக்கெட் வாங்கிய நாங்கள்.

இந்த இடத்தில் சில ஆட்சேபணைகளைக் கவனிக்காமல் மேலே போவது நேர்மையாகாது. முதலாவது, மாலையில் மாட்டிறைச்சி தின்னப் போகிறவனுக்குப் பகலில் கன்றின்மேல் இரக்கம் ஏது என்பது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் இதைச் சொல்லாதவரைக் காணோம். நான் புலால் மறுத்தவனல்லன். அன்றிரவு தின்றதும் அதுவே. இந்த ஆட்சேபணை என் வாயை அடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் கன்றின் வலியைக் குறைக்கிறதா? கடன்காரன் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துக் ‘கடன் வாங்காதே’ என்றால், சொன்னவன் யோக்கியதை குறையுமே தவிர, கடன் நல்லதாகிவிடாது.

இரண்டாவது, ஜெர்மானிய ஞானியாகிய காண்ட் சொன்ன வழி. மிருகத்தினிடம் நேரே நமக்குக் கடமை இல்லை. மிருகத்தை வதைத்துப் பழகியவன் மனிதனிடமும் அவ்வாறே நடப்பான், ஆதலால் வதைக்கலாகாது என்பது அவர் கருத்தின் சாரம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இதைப் படித்தபோது எனக்குச் சரியென்றே பட்டது. மைதானத்தில் அது நொறுங்கிவிட்டது. கைதட்டிய முதியவரோ, கட்டிய இளைஞனோ, தெருவில் பலகாரம் போட்ட பெண்மணியோ ஒருவரும் மனிதரிடம் கொடியவராகக் காணப்படவில்லை. எங்கள் வண்டிக்குச் சக்கரம் பஞ்சரானபோது தொப்பி போட்ட இருவர் கேட்காமலே வந்து மாற்றிக் கொடுத்தார்கள். காண்ட் சொன்ன காரணம் ஒன்றுதான் காரணமென்றால், அக்கன்றுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லாமற் போகிறது. அப்படியும் அதன் விலா ஏறி இறங்கியது. வலி அதனுடையது. யாருக்கும் பிற்பாடு தீங்கு வராவிட்டாலும் அது வலியே. சிறுவன் கேட்ட கேள்வி, “இதனால் மனிதர் கெடுவார்களா?” என்பதன்று, “அது என்ன நினைக்கும்?” என்பதே.

மூன்றாவது, பழக்கம், பண்பாடு, பரம்பரை. பழமையானது என்பதற்காக ஒன்றை ஏற்கும்படி இப்பத்திரிகையின் வாசகர்களிடம் யாரும் வாதாடத் துணியமாட்டார்கள். ஆனால் நம்மிடமும் ஒரு காளை உண்டு என்பதை நான் மறைப்பது எப்படி? 2014-இல் இந்திய உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டதும், தமிழ்நாட்டு அரசு சட்டம் திருத்தியதும், 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அச்சட்டம் செல்லும் என்றதும் யாவரும் அறிந்தவை. 2017-இல் இங்கே கடல் கடந்திருந்தும் மார்தட்டியவர்களில் நானும் ஒருவன். கனடாவின் கன்றுக்கு இரங்கியவன், தமிழனின் காளை என்று வந்தவுடன் பண்பாடு பேசினான் என்று யாரேனும் சொன்னால் எனக்கு மறுமொழி இல்லை. ‘அது வேறு, இது வேறு’ என்று கால்கரிக்காரரும்தான் சொல்லுகிறார்.

நிறுத்த முடியாதது ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1924-இல் லண்டன் வெம்ப்லியில் ரோடியோ நடந்தபோது கயிற்றில் மாட்டை வீழ்த்துவதைக் கண்டு பொதுமக்கள் கொதித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1934-இல், பழக்கப்படாத குதிரையையும் காளையையும் கயிற்றால் வீழ்த்தும் காட்சிகளைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. கனடாவிலேயே, வான்கூவருக்கருகிலுள்ள குளோவர்டேல் ரோடியோவில் ஒரு கன்று இறந்தபின், 2007-இல் கன்று கட்டும் போட்டி உட்பட நான்கு போட்டிகளை எடுத்துவிட்டார்கள். குதிரை ஏறுதல் தொடர்ந்து நடந்தது. கால்கரியில் நான்கு குதிரை பூட்டிய சமையல் வண்டிகளை மாலைதோறும் ஓட்டும் பந்தயம் ஒன்றுண்டு. 2019-இல் அப்பந்தயத்தில் ஆறு குதிரைகள் மாண்டன. அதன்பின் ஒரு சுற்றில் ஓடும் வண்டிகளை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். வண்டி ஓட்டுவோர், “இவை ஓட்டப் பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட குதிரைகள், நாங்கள் வாங்காவிட்டால் கசாப்புக்குப் போயிருக்கும்” என்கிறார்கள். அதுவும் பொய்யன்று. மனிதன் ஒரு பிராணியை முதலில் ஒரு மூலைக்குத் துரத்திவிட்டு, பிறகு அந்த மூலையில் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்ததைப் புண்ணியமாக எழுதிக்கொள்ளும் கணக்கு எனக்குப் பழக்கமானதே. நான் கணக்கெழுதிப் பிழைப்பவன்.

இப்போது என்னுடைய கணக்குக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் வாய்வீச்சு.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் செக்ரோலைப் பிடித்துப் பெயர் குறிப்பதும், மாலையில் குலைக் கணக்கு எழுதுவதும் என் உத்தியோகம். டிராக்டர் இறங்க முடியாத தாழ்ந்த சதுப்பு நிலத்தில், வெட்டிய குலைகளைச் சாலையோரத்துக்கு இழுத்து வர எருமை வண்டிகள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் குலை மிகுதியாகக் காய்த்த ஒரு பருவத்தில், வண்டிக்காரர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலியும், குறித்த நடைக்கு மேற்பட்டால் கூடுதலும் என்று ஏற்பாடாயிற்று. ஏற்பாடு மேலிடத்தது. எத்தனை நடைக்கு மேல் எவ்வளவு என்று பத்தி பிரித்து அட்டவணை போட்டது நான். அது அழகாக அமைந்தது என்று எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

ஒரு நாள் மழை விட்ட பிற்பகல். வண்டிக்காரர் ஒருவர், என் தகப்பனார் வயதுள்ளவர், கரையேறும் இடத்தில் எருமை முழங்காலிட்டுவிட்டதால் நின்றுகொண்டிருந்தார். அதன் நாசி சேற்றில் தொட்டுக்கொண்டிருந்தது. பாரத்தில் பாதியை இறக்கியிருக்கலாம். இறக்கினால் அது முழு நடையாகாது. “ஐயா, இந்த ஒரு நடை ஏறிவிட்டால் கணக்கு நிறைந்துவிடும், மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும்,” என்றார். என்னிடம் அனுமதி கேட்டவர்போலச் சொன்னார். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் தடியை எடுத்தார். எருமை எழுந்தது, ஏறியது, நடை நிறைந்தது. நான் எழுதிக்கொண்டேன். மறுவாரம் அதற்கு முன்னங்கால் ஊன்றவில்லை. இறைச்சிக்கு விற்கப்பட்டது. ‘எருமை 1, கழிவு’ என்று அதையும் நானே எழுதினேன். கையெழுத்து சுத்தமாக இருக்கிறது. இன்றும் எடுத்துப் பார்க்கலாம்.

அடித்தவர் அவர். நான் தடியைத் தொடவில்லை. பல வருஷம் இதுவே என் நியாயமாக இருந்தது. கால்கரி மைதானத்தில், கட்டியவன் கைகளை உயர்த்தியதும் கடிகாரத்தின் முள் நின்றதைப் பார்த்தபோதுதான், அந்த முள் எனக்கு எங்கோ பழக்கப்பட்டதாகத் தோன்றிற்று. அங்கே விநாடி, இங்கே நடை. முதியவர் தடியை எடுத்தது தம் கொடுமையினால் அன்று. என் அட்டவணையின் பத்திகளுக்கு நடுவே அவருக்கும் அந்த எருமைக்கும் வேறு இடம் இல்லாமற் போனதனால். வேடிக்கை பார்த்தவனுக்குப் பங்கு உண்டா என்று கேட்டவன் நான். என்னைப் பொறுத்தவரை நான் வேடிக்கை பார்த்தவனே அல்லன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவன்.

மைதானத்தில் உட்கார்ந்திருந்த பதினாயிரம் பேரும் இவ்வளவு பங்குக்கு உரியவர்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு டிக்கெட்டின் பங்கு ஒரு டிக்கெட்டே. அது சிறியது, ஆனால் பூஜ்யமன்று. பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம்தான் வரவேண்டும். அங்கே வந்ததோ ஒரு கன்றின் கழுத்தை இழுக்கும் கனம். கைதட்டல் இல்லாத மைதானத்தில் யாரும் எட்டு விநாடியில் கன்று கட்ட மாட்டான். குதிரை ஏறுதலுக்கு நான் கைதட்டியதைத் திரும்பப் பெற வேண்டுமா என்று பலமுறை யோசித்தும் எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தக் குதிரை தானே நடந்து போனது கண்முன் நிற்கிறது. கன்று நடந்து போனதாக நினைவில்லை. இருவர் அதை ஓட்டிப் போனார்கள்.

மறுநாள் காலை நகரத்தை விட்டுப் புறப்பட்டு வடகிழக்கே, பூமியிலிருந்து பூர்வகால மிருகங்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து வைத்திருக்கும் டிரம்ஹெல்லர் என்ற ஊருக்குப் போனோம். வழியெல்லாம் பையன் வெள்ளைத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான். கேள்வியை அவன் மறந்துவிட்டான்போலும். மறுபடி கேட்பான் என்று நான்தான் பயந்துகொண்டே வந்தேன்.

ஊர் திரும்பியபின் மானேஜரைப் பார்த்து, வண்டிக்காரர்களுக்கு நடைக் கூலியை நீக்கி நாட்கூலியாக வைக்கலாமே என்றேன். எழுத்து மூலம் கொடுக்கும்படி சொன்னார். கொடுத்திருக்கிறேன். “எருமையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்துக்கொண்டார். அவர் சொல்வதிலும் உண்மையுண்டு. எங்கள் தோட்டத்தில் இப்போது மிஞ்சியவை மூன்றே எருமைகள். மூன்றுக்கும் பெயர் உண்டு. விண்ணப்பத்தில் அப்பெயர்களை நான் எழுதவில்லை. மானேஜர் சிரிப்பார் என்று ‘எருமை 3’ என்றே எழுதினேன்.